நடு இருக்கை

சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு மணி நேரம் பத்து நிமிடம் என்று ஒலிபெருக்கியில் ஒரு பெண்குரல் சொன்னபோது, போதும் என்று தையல்நாயகி நினைத்துக்கொண்டாள். தாராளமாய்ப் போதும். போன வருஷம் அவருக்கும் இவ்வளவு நேரம்தானே கிடைத்தது. இதே ஊரிலிருந்து இதே ஊருக்கு, இதே மாதிரி மூன்று மூன்றாக அடைத்த நாற்காலியில், ஜன்னலோரம் அவள் புருஷன் கலியபெருமாள், நடுவில் அவள் தம்பி செல்வமுத்து, ஓரத்தில் அவள். தம்பி வழியெல்லாம் இருமினான். பதினாலாம் நாள் அவர் செத்துப்போனார். இன்றைக்கு ஜன்னலோரம் தம்பி, நடுவில் அவள். இன்றைக்குக் காய்ச்சல் அவளுக்கு. விடியற்காலையில் முப்பத்தொன்பது டிகிரி இருந்தது, விமான நிலையத்துக்கு வந்து இரண்டு மாத்திரையை முழுங்கியதில் இறங்கி, இப்போது மறுபடி முதுகுத்தண்டில் ஏறிக்கொண்டிருக்கிறது. தொண்டையில் முள். நெஞ்சுக்குள் இருமல் வந்து உட்கார்ந்து வெகுநேரமாகிறது, அவள்தான் விடவில்லை. மாஸ்க்கை மூக்குக்கு மேலே இழுத்துப் போட்டிருந்தாள். அதைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான் வேலை. கத்தி வேண்டாம், கபடா வேண்டாம். காதிலிருந்து ஒரு நாடாவை எடுத்துவிட்டால் மிச்சத்தை இருமல் பார்த்துக்கொள்ளும்.

அவனைப் பார்க்காமலே அவனைப் பார்க்க அவளுக்கு இந்த ஒரு வருஷத்தில் பழகியிருந்தது. ஐம்பத்திரண்டு வயசு ஆளுக்கு எழுபது வயசுக் கழுத்து. கப்பல் பட்டறையில் முப்பது பேரை வேலை வாங்கியவன், பெல்ட்டை மாட்டுவதற்கே மூச்சு வாங்குகிறான். ரத்தத்தில் புற்று என்று ஆடி மாதம் கண்டுபிடித்தார்கள். ஆறு தடவை ஊசி மருந்து ஏற்றிப் போன மாதம்தான் நிறுத்தினார்கள். உடம்பில் எதிர்த்து நிற்கத் தெம்பு கிடையாது, சாதாரணச் சளி பிடித்தாலும் ஆளைக் கொண்டுபோய்விடும், விமானம் கிமானம் ஏறாதே என்று டாக்டர் சொன்னாராம். பெண்டாட்டி காலைக் கட்டிக்கொண்டு அழுதாளாம். அத்தானுக்கு முதல் வருஷத் திதி, நான் போகாமல் எப்படி என்று ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். இதெல்லாம் மகள் அபிராமி சொல்லித் தெரிந்தது. சென்னையில் இருந்துகொண்டே டிக்கெட் எடுத்தவளும் அவள்தான். பக்கத்துப் பக்கத்து இடமாகப் போட்டிருக்கிறேன் அம்மா, நாலு மணி நேரம் பேசித் தீருங்கள் என்றாள். பேசுவதா. இவனோடு பேச்சு நின்று ஒரு வருஷம் ஆகப்போகிறது. கோழியையும் நரியையும் ஒரே கூடையில் போட்டு மூடியிருக்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும். அதிலும் இன்றைக்கு நரி யாரென்று நிச்சயமாகத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமைதான் ஒட்டிக்கொண்டது இந்தக் காய்ச்சல். அவள் சமைக்கிற குழந்தைகள் காப்பகத்தில் அந்த வாரம் பாதிப் பிள்ளைகள் வரவில்லை, வந்த பாதியும் மூக்கை ஒழுக்கிக்கொண்டிருந்தன. காய்ச்சலோடு ஒரு சின்னப் பெண் சமையலறைக்கு வந்து மடியில் ஏறிக் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. மற்ற நாளாக இருந்தால் மெதுவாக இறக்கிவிட்டு, டீச்சரைக் கூப்பிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருப்பாள். அன்றைக்கு இறக்கிவிடவில்லை. அரைமணி நேரம் வைத்திருந்தாள். அந்தப் பிள்ளையின் சூடான மூச்சு கழுத்தில் படப் பட, வெள்ளிக்கிழமை டிக்கெட், ஜன்னலோரம் அவன், என்று மனசு கணக்குப் போட்டதா, இல்லை குழந்தை பாவம் என்றுதான் வைத்திருந்தாளா. குழந்தை பாவம் என்றுதான். இல்லை. கணக்குதான். சரி, கணக்கென்றே வைத்துக்கொள்வோம், அதனால் என்ன. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான். அவர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்தபோது இவன் வெளியே மரத்தடியில் நின்று டீ குடித்தான். குடித்தானா? கையில் கிளாஸ் இருந்தது. குடித்ததைப் பார்த்த ஞாபகம் இல்லை. கிளாஸ் இருந்தது, அது போதும்.

ஓரத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு மனுஷர் விமானம் கிளம்புமுன்னே வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டார். சட்டைப்பையில் திருநீற்றுப் பொட்டலம். இவருக்கும் வீட்டில் ஒரு கலியபெருமாள் இருக்கலாம், மருந்து மாத்திரையில் ஓடுகிற யாராவது ஒரு நோஞ்சான். இந்த நினைப்பு எங்கிருந்து வருகிறது. இதை வரவிடக் கூடாது. இவர் பக்கம் திரும்பாமல் அந்தப் பக்கம் திரும்பி இருமினால் ஆயிற்று. இருமல் என்ன, சொன்ன பக்கம் போகிற வண்டியா என்றது மனசு. போன வருஷம் அவருடைய டாக்டரும் இதைத்தானே சொன்னார், பக்கத்தில் யார் இருமினாலும் ஆபத்து என்று. கலியபெருமாளுக்குக் கிட்னி மாற்றி ஆறு வருஷம் ஆகியிருந்தது. விமானம் ஏறும் முன்னால் டாக்டர் சொல்லியனுப்பியதை வேதவாக்காக ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். ஜன்னலோரம் உட்கார், ஆள் நடமாட்டம் குறைவு. தலைக்கு மேலே காற்று வரும் திருகை முழுசாகத் திறந்து வை. கையைக் கழுவாமல் கண்ணைத் தொடாதே. மாஸ்க்கைக் கழற்றாதே, சாப்பிடுவதானால் மற்றவர்கள் சாப்பிட்டு மாஸ்க் போட்டபிறகு நீ தனியாகச் சாப்பிடு. அத்தனையும் செய்தார் மனுஷர், பக்கத்தில் இவன் உட்கார்ந்து நடுங்குகிறவரைக்கும். என்ன மாப்ள, குளிருதா என்று கேட்டார். தன் தலைக்கு மேலிருந்த காற்றைத் தானே மூடினார். தன் சால்வையை எடுத்து இவன்மேல் போர்த்தினார். ஏசி ஒத்துக்கல அத்தான் என்று இவன் சொன்னான், பாவிப் பயல், ஏசி ஒத்துக்கவில்லையாம். காய்ச்சல் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எழுந்து வேறு இடம் போயிருப்பார். ஒரு வார்த்தை. கல்யாணத்துக்குப் போகிற அவசரம், அபிராமி கல்யாணம், தாய்மாமன் இல்லாமல் ஆகாது, அதனால் காலையிலே விமான நிலையத்தில், வரிசையில் நிற்கும்போது, அங்கே ஒரு அறிவிப்புப் பலகை, நாலு மொழியில்,

புளிசாதம். பைக்குள் புளிசாதம் இருக்கிறது. அது சரியாக மூடியிருக்கிறதா என்று காலால் பையைத் தொட்டுப் பார்த்தாள். நேற்று ராத்திரி உடம்பு கொதிக்கக் கொதிக்க நின்று கிளறியது. நல்லெண்ணெய் மிதக்க, வெந்தயம் வறுத்துப் பொடித்து, வேர்க்கடலை தூக்கலாய்ப் போட்டு, அவனுக்குப் பிடித்த பக்குவத்தில். உருளைக்கிழங்கு வறுவல் தனியாக. விஷம் வைக்கிறவளும் ருசியாகத்தான் சமைப்பாள். இரண்டு மாஸ்க் போட்டிருக்கிற ஆளைக் கழற்று என்றால் கழற்றுவானா? விமானத்தில் கொடுக்கிற எதையும் தொடமாட்டான், பெண்டாட்டி சத்தியம் வாங்கித்தான் அனுப்பியிருப்பாள். ஆனால் அக்கா கைப் புளிசாதம். அந்த டப்பாவின் மூடியைத் திறந்தால் பத்து வரிசைக்கு மணக்கும். அவன் கழற்றுவான். சாப்பிடுவதற்கு அவளும் கழற்றுவாள். ஊரே பார்த்தாலும் அக்காளும் தம்பியும் சமாதானமாகிச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள் என்றுதான் சொல்லும். போன வருஷமும் இதே டப்பாதான். நீல மூடி. அவரும் இவனும் ஒரே டப்பாவில் கைவைத்துச் சாப்பிட்டார்கள், அவர் தாளில் எழுதிவைத்ததை மறந்து சிரித்துச் சிரித்து. எடுத்துக் கொடுத்தது அவள்தான். கொடுத்தால் என்ன. பெண்டாட்டி புருஷனுக்குச் சாப்பாடு கொடுப்பது குற்றமா?

கல்யாணத்தன்று அவருக்குக் காய்ச்சல். மணவறையில் உட்கார்ந்து கன்னிகாதானம் செய்யும்போதே கை நடுங்கித் தண்ணீர் சிந்தியது. மறுநாள் இருமல், அதற்கு மறுநாள் தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரி, அப்புறம் குழாய், அப்புறம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள். நெஞ்சு மட்டும் தனியே ஏறி இறங்கியது. கடைசியாக அவர் எழுதிக் காட்டியது என்ன? செல்வமுத்துக்குத் தேவலையா என்று. செத்துக்கொண்டிருக்கிற மனுஷன் கேட்கிற கேள்வியா அது. கருமாதிக்கு வந்த அத்தனை பேர் முன்னாலும் அவள் எழுந்து நின்று சொன்னாள். இவன்தான் கொண்டுவந்து கொடுத்தான், காய்ச்சலை மறைத்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து என் புருஷன் மேலே இருமினான், என் தாலியை அறுத்தவன் இவன் என்று. இவன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஏதாவது சொல்லுவான் என்று அவள் காத்திருந்தாள். சொன்னால் பதிலுக்கு அவளிடம் இருந்தது, நாக்கு நுனியில் வைத்திருந்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனான். அதற்கப்புறம் சொந்தத்தில் யாரும் அவன் வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை. புற்று என்று தெரிந்தபோது, பாவம் பலித்தது என்று ஒரு சித்தி போன் பண்ணிச் சொன்னாள். அவளுக்கு அன்றைக்கு நன்றாகப் பசித்தது. இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள்.

குளிர் வந்துவிட்டது. மாத்திரையின் வேலை முடிந்துவிட்டது போலிருக்கிறது. பல் தந்தியடித்தது. தாடையை இறுக்கிப் பிடித்தாள், தோள் ஆடியது. தலைக்கு மேலே அவன் திறந்து வைத்திருந்த திருகிலிருந்து காற்று இரண்டு பேர் மேலும் விழுந்துகொண்டிருந்தது. அவன் பார்த்தான். பார்த்தது அவளுக்குத் தெரிந்தது. எலும்பும் தோலுமான ஒரு கை அவள் கண்ணுக்கு முன்னால் மேலே போய், அவள் திருகை மூடி, கொஞ்சம் தயங்கி, தன்னுடையதையும் மூடிற்று. அதோடு நிற்கவில்லை. மடியிலிருந்த போர்வையை அவன் எடுத்து அவள் முழங்கால்மேல் போட்டான். அட சண்டாளா, அவர் செய்ததையே செய்கிறாயே. இதைச் செய்ய உனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. அவள் போர்வையை உதற நினைத்தாள், கை வரவில்லை. போர்வையின் கதகதப்பு ஏற ஏற, ஒரு வருஷமாய் எந்த இடத்தில் கால் வைக்காமல் தாண்டித் தாண்டிப் போனாளோ அந்த இடத்தில் மனசு போய் நின்றுவிட்டது. விமான நிலையத்து வரிசை. முன்னால் ஏழெட்டுப் பேர். பெட்டிகள். அவர் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தார். செல்வமுத்து நீல மாஸ்க் போட்டுக்கொண்டு தூணில் சாய்ந்திருந்தான். அக்கா, ராத்திரியெல்லாம் காய்ச்சல், நான் டாக்டரப் பாத்துட்டு நாளைக்கு வர்றேனே என்றான். நாளைக்கு எங்கேயிருந்து டிக்கெட் கிடைக்கும், தை மாசத்தில். மாமன் மாலை போட்டுக் கையைப் பிடித்து அழைத்து வராமல் என் பெண் மணவறைக்கு எப்படி வருவாள், சம்பந்தி வீட்டில் என்ன பேசுவார்கள். கைப்பையிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தது அவள். அத்தானுக்கு ஆகாதுக்கா, நான் வேற இடத்துல உட்காந்துக்கறேன், அவருகிட்டச் சொல்லிடறேன் என்றான். சொன்னால் அவர் உன்னை இறக்கிவிட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார், வாயை மூடிக்கொண்டு வா என்றது அவள். காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் ஊழியரிடம் தெரிவிக்கவும் என்று பலகையில் நாலு மொழியில் எழுதியிருந்தது, தமிழிலும். அதை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்ததும் அவள்தான். இந்த வரிசையிலேயே மாஸ்க் போட்டிருக்கிறவன் நீ ஒருத்தன், அதைப் பார்த்துத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள், கழற்று என்றாள். அவன் யோசித்தான். யோசித்துக்கொண்டே நின்றான். கையை நீட்டி அவன் காதிலிருந்து நாடாவை உருவி, மாஸ்க்கை நாலாய் மடித்து, அவன் சட்டைப்பையில் செருகித் தட்டிக் கொடுத்தது, இந்தக் கை. போர்வைக்குக் கீழே கிடக்கிற இந்த வலது கை.

சரி. நினைத்தாயிற்று. நினைத்ததால் வானம் இடிந்து விழவில்லை. அவன் ஐம்பது வயசு ஆம்பிளை, அக்கா சொன்னால் கிணற்றில் விழுவானா? விழுந்தது அவன் குற்றம். இல்லையென்று அன்றைக்கே பந்தலில் சொல்லியிருக்கலாமே, நீதானே கழற்றினாய் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அவன் கேட்டிருந்தால், அவளும் நாலு கத்துக் கத்தி, மண்டையை முட்டிக்கொண்டு, ஏதோ ஒன்று முடிந்திருக்கும். கேட்கவில்லையே. கல்லுளிமங்கன். அதனால்தான் இவன் சாகவேண்டும். அந்த வரிசையில் நடந்தது தெரிந்த இன்னொரு ஆள் இவன் ஒருத்தன்தான், இவன் போய்விட்டால் அது அவளுக்கு மட்டும்தான். யாரும் எப்போதும் கேட்கமாட்டார்கள். அவள் குனிந்து பையிலிருந்து டப்பாவை எடுத்து, முன்னாலிருந்த பலகையை இறக்கி அதன்மேல் வைத்தாள். நீல மூடியைத் திறந்தாள். புளியும் பெருங்காயமும் எழுந்து வந்தன. மாஸ்க்கின் நாடாவில் விரலை விட்டாள். ஒரு வருஷம் கழித்து அவனோடு பேசிய முதல் வார்த்தை, சாப்பிடு.

செல்வமுத்து டப்பாவைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, அவசரப்படாமல், மேல் மாஸ்க்கைக் கழற்றிப் பலகையில் வைத்தான். உள் மாஸ்க்கையும் கழற்றினான். கன்னத்தில் நாடா பதிந்த தடம் இருந்தது. உதடு வெளுத்துக் கிடந்தது.

"காலையில நீ மாத்திரை போட்டதப் பாத்தேன்க்கா" என்றான். "பரவால்ல, குடு. அன்னிக்கு நடந்தத நான் ஒருத்தருகிட்டயும் சொல்லல. இதையும் சொல்லமாட்டேன்."

சொல்லிவிட்டு டப்பாவுக்குக் கையை நீட்டினான், சின்ன வயசில் நீட்டின மாதிரியே, உள்ளங்கையை மேலே காட்டி. அவளுக்கு அவன்மேல் அந்தக் கணத்தில் வந்த வெறுப்பு இந்த ஒரு வருஷத்தில் வராத வெறுப்பு. அப்படியானால் இதுதானா. இவ்வளவு நாளும் பேசாமல் இருந்து இவன் அவளைத்தான் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தானா. பந்தலில் தலை குனிந்தது, சொந்தமெல்லாம் கைவிட்டும் வாய் திறக்காதது, டாக்டர் வேண்டாமென்றும் கிளம்பி வந்தது, எல்லாமே. இப்போது உயிரையும் எடுத்து, இந்தா வைத்துக்கொள் என்று கொடுக்கிறான். இதை வாங்கிக்கொண்டால் அது பழி இல்லை, தானம். இவனிடம் கைநீட்டித் தானம் வாங்கவா தையல்நாயகி இத்தனை நாள் நெருப்பைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். மாட்டேன். உன் பெருந்தன்மையை நீயே வைத்துக்கொள். அவள் டப்பாவைப் படாரென்று மூடினாள். நாடாவில் இருந்த விரலை எடுத்தாள். அவன் மாஸ்க் இரண்டையும் எடுத்து, அவன் முகத்தைத் தன் பக்கம் திருப்பாமல், ஜன்னல் பக்கமே இருக்க வைத்து, ஒரு காது, மறு காது, ஒன்றின்மேல் ஒன்றாய் மாட்டி, மூக்கின்மேல் கம்பியை அழுத்தினாள். வலிக்கட்டும் என்று அழுத்தினாள். டப்பாவைப் பைக்குள் தள்ளி, பலகையை மடக்கிவிட்டு, எழுந்து இரண்டு திருகையும் முழுசாகத் திறந்துவிட்டாள். பணிப்பெண்ணைக் கூப்பிடுகிற பொத்தானை அமுக்கினாள்.

வந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும், தமிழ்ப் பெண். என்ன வேண்டும் மேடம் என்று குனிந்தது. கிட்ட வராதே என்று தையல்நாயகி கையைக் காட்டினாள். காய்ச்சல் இருக்கிறது, மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு ஏறினேன், இவன் புற்றுக்கு ஊசி மருந்து ஏற்றிக்கொண்டவன், என்னை இங்கேயிருந்து கொண்டுபோ, தூங்குகிற இந்த மனுஷரையும் எழுப்பிச் சொல்லிவிடு என்றாள். அந்தப் பெண் ஒரு எட்டுப் பின்னால் போய், கையுறை மாட்டிக்கொண்டு வந்து, கடைசி வரிசை காலி என்றது. ஓரத்து மனுஷர் எழுந்து மலங்க மலங்க விழித்து வழிவிட்டார். நடைவழியில் வந்து நின்றபிறகு தையல்நாயகி திரும்பினாள். ஒரு கையால் மாஸ்க்கை முகத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, முன்னும் பின்னும் நாலு வரிசைக்குக் கேட்கிற மாதிரி, பந்தலில் பேசிய அதே குரலில் பேசினாள்.

"போன வருஷம் இவன் மாஸ்க்கக் கழட்டினது நான்தான். வேணாம் வேணாம்னான். நான்தான் கழட்டினேன். எங்க வீட்டுக்காரர் செத்தது அதனாலதான்."

"அக்கா, வேணாங்க்கா" என்றான் செல்வமுத்து. அவன் ஒரு வருஷமாகப் பத்திரமாய் வைத்திருந்ததைப் பிடுங்கி நடுத்தெருவில் போட்டாயிற்று. அவன் கண் கலங்குவதைப் பார்க்க அவளுக்குக் கொடூரமாய் ஒரு திருப்தி வந்தது, வந்த வேகத்திலேயே போனது. தலைகள் திரும்பின. சரிங்க மேடம், மேலே உங்கள் பை ஏதாவது இருக்கிறதா என்று பணிப்பெண் கேட்டது.

கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் இருமல் வந்தது. முழங்கையை மடக்கி அதற்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, விலா நோக, கண்ணில் நீர் வர இருமித் தீர்த்தாள். வியாழக்கிழமை அவர் திதிக்கு அவள் போக முடியாது. ஏதாவது ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கவேண்டும். அவன் போவான். மகன் இல்லாத வீட்டில் அவன் உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் இறைப்பதைக் கூடியிருக்கிற சனம் பார்க்கும், அதற்குள் அபிராமிக்கு விஷயம் தெரிந்திருக்கவேண்டும், போனில் சொன்னால் போதாது, தூர நின்றாவது நேரில் சொல்லவேண்டும். பணிப்பெண் ஒரு தாளும் பேனாவும் கொண்டுவந்து எட்ட நின்று நீட்டியது. இறங்கியதும் சுகாதார அதிகாரியிடம் கொடுக்கவேண்டுமாம். பெயர், வயது, இருக்கை எண். காய்ச்சல் எப்போது தொடங்கியது என்று ஒரு கேள்வி இருந்தது. இன்று காலை என்று எழுதப் போனவள் நிறுத்தினாள். புதன்கிழமை சாயங்காலம் என்று எழுதி, எழுத்து கோணலாக இருந்ததால் அடித்துவிட்டு, தெளிவாக மறுபடி எழுதினாள்.